மோகனூர் ரோட்டில் ஓர் எட்டிப் பார்வை!

புதுச்சத்திரத்துக்காரர்களுக்கு ஒரு பெரிய யோகம் வாய்த்திருக்கிறது; பலருக்கு அது தெரியவே தெரியாது! பஸ் ஏறி நாமக்கல்லில் இறங்கி, மோகனூர் ரோட்டைப் பிடித்தால் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1985-ல் தொடங்கியது. நாய்க்கு ஆபத்து என்றதும் “உதவி பண்ற டிரஸ்ட் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று எல்லோரிடமும் கேட்கிறோமே, அந்த உதவியின் முதல் பாதி இங்கேதான் இருக்கிறது. கல்லூரியோடு இருப்பது பல்கலைக்கழக மருத்துவமனை என்பதால் கட்டணம், தனியார் கிளினிக்கோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வாங்க, உள்ளே போய்ப் பார்த்துவிடலாம்!

ஈன முடியாமல் தவிக்கும் வெள்ளாடு ஒரு பக்கம், பிளாஸ்டிக்கைத் தின்று வயிறு உப்பிய மாடு இன்னொரு பக்கம், துண்டில் சுற்றிய, பார்வோ வைரஸ் தாக்கிய நாய்க்குட்டி நடுவில். இது கற்றுக்கொடுக்கும் ஆஸ்பத்திரி. அதனால் ஒரே ஒரு நாயைச் சுற்றி அத்தனை தலைகள்! ஒரு மாணவி வெப்பமானியைப் பிடிக்க, இன்னொருவர் முன்னங்காலில் ரத்தக்குழாய் தேட, பேராசிரியர் கேள்விமேல் கேள்வி கேட்க, நாய்க்காரர் மட்டும் “பொழைச்சுக்குமுங்களா டாக்டர்?” என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். எனக்கு இந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே சந்தோஷம் பொங்கும். நம் ஊர் நாட்டு நாய்க்கு இத்தனை பேர் மூளையைக் கசக்குகிறார்களே!

திடீர்ச் செலவு எங்கே முளைக்கிறது என்றால், சில நேரம் கருப்பையில். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு இனச்சேர்க்கைப் பருவம் வந்து சில வாரம் கழித்துக் கருப்பைக்குள் சீழ் கட்டலாம். பயோமெட்ரா என்பார்கள். நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், சோறு இறங்காது. வாய் மூடிக்கொண்ட கருப்பையாக இருந்தால் சீழ் வெளியே வராது; நமக்குத் தெரியவே தெரியாது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, உடனே அறுவை. கட்டணம் குறைவு என்றாலும் வெளியே வாங்கும் மருந்து, வண்டி வாடகை, தையல் பிரிக்கும்வரை கவனிப்பு என்று தொகை ஏறிவிடும்.

இனிதான் திரைக்குப் பின்னால் போகிறோம், உதவியின் மறுபாதியான பணத்தைத் தேடி! விலங்கு நலத்துக்கென்று அரசுப் பணம் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேலை முதல் தலைவராகக் கொண்டு 1962-ல் சென்னையில் பிறந்த இந்திய விலங்குகள் நல வாரியம் மானியம் கொடுக்கிறது. 2022-ல் தமிழக அரசு ‘வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள்’ என்று அறிவித்து 20 கோடி ரூபாய் ஒதுக்கியது. வாடிய பயிருக்கே வாடியவர் பெயரில்! ஆனால் இரண்டுமே தொண்டு அமைப்புகளுக்குப் போகிற பணம். தனி ஆள் மனு எழுதி வாங்க முடியாது. அமைப்பின் வழியாகத்தான் கதவு திறக்கும். 1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் மாதிரி ஓர் அமைப்பின் பின்னாலும் ஊர் ஊராக நன்கொடையாளர்கள் நிற்கிறார்கள். லண்டனில் 1917-ல் மரியா டிக்கின் ஒரு நிலவறையில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியம் ஆரம்பித்தார். பி.டி.எஸ்.ஏ. என்ற அந்த அமைப்பு இன்றும் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகிறது.

சரி, நம்மிடம் உடனே ஓடிவரும் பணம் எது? வாட்ஸ்அப் பணம்தான்! லாரி பாடி கட்டுகிறவர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள் எல்லோரும் ஒரே குரூப்பில் இருக்கும் ஊர் இது. அழுகிற எமோஜியால் மட்டும் பணம் வந்துவிடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, உத்தேசச் செலவு, நாயின் இன்றைய படம் இந்த மூன்றும் இருந்தால் கொடுக்கிறவர் கை தயங்காது. முடிந்தவரை பணம் மருந்துக்கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ நேராகப் போகட்டும். “80ஜி ரசீது கிடைக்குமா?” என்று கேட்பவர் கண்டிப்பாக ஒருவராவது இருப்பார். அந்தப் பதிவு பெற்ற டிரஸ்ட் மூலம் கொடுத்தால் மட்டுமே பழைய வரி முறையில் கழிவு உண்டு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த தானத்துக்கு வருவோம். ரத்தம்! சோகை முற்றிய நாய்க்கு இன்னொரு நாயின் ரத்தம் வேண்டும். தடுப்பூசி எல்லாம் போட்ட, திடகாத்திரமான, 25 கிலோவுக்கு மேல் உள்ள நாய் என்றால் டாக்டர்கள் முகம் மலர்ந்துவிடும். மனிதர்களைப் போலல்லாமல் நாய்களுக்கு முதல் தடவை ரத்தம் ஏற்றும்போது பெரிய எதிர்ப்பு வருவது அபூர்வம் என்பதும் ஒரு வசதி. பக்கத்துத் தோட்டத்து ராஜபாளையம் பெஞ்சில் படுத்து ரத்தம் கொடுத்துவிட்டு, எழுந்ததும் பிஸ்கட்டுக்கு வாலாட்டும் காட்சிக்காகவே ஒரு நாள் அங்கே உட்காரலாம்!

பணம் கேட்கும் மெசேஜில் கடைசியாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: மிச்சம் இருந்தால் எந்தக் காப்பகத்துக்குப் போகும் என்று. மிச்சம் விழுந்தால் அந்த ரசீதையும் அதே குரூப்பில் போட்டுவிடுங்கள்.