பொறியினுட் பொறி

தமிழில் ‘பொறி’ என்னுஞ் சொல் பலபொருள் ஒருசொல்லாகும். இயந்திரத்தையும் பொறி என்பர். நெருப்புத் துளியையும் பொறி என்பர். மோட்டார் எஞ்சினிடத்தே இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. பெரும்பொறி ஓடுவது அதனகத்தே தோன்றும் சிறுபொறியால். அச்சிறுபொறி தோன்றுவதோ ஸ்பார்க் பிளக்கின் முனையிலுள்ள, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவினதாகிய இடைவெளியில். அவ்விடைவெளி எவ்வளவு இருத்தல் வேண்டும், ஏன் அவ்வளவு இருத்தல் வேண்டும் என்பதை, மிக விரைந்து சுழலும் எஞ்சினொன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இலக்கியம் பயிலும் யான் பட்டறைப் பொருளில் தலையிடுவதற்குக் காரணம் உண்டு. சென்ற விடுமுறையில் என் தமையனார் தம் மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றி, “இடைவெளி பெருகினால் பொறி பெருகும், பொறி பெருகினால் வேகம் பெருகும்” என்று கூறி, கண்ணளவாகவே குறடு கொண்டு அதனை அகற்றினார். ஊர்த்தெருவில் வண்டி நன்றாகவே ஓடிற்று. நெடுஞ்சாலையில் ஒரு லாரியைக் கடக்க முற்பட்டு அவர் முழு விசையும் கொடுத்த பொழுதோ, எஞ்சின் இருமுறை விக்கித் தளர்ந்தது. எதிரே பேருந்தொன்று வந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையில் இருந்த யான் கண்களை மூடிக்கொண்டேன். அண்ணன் எவ்வாறோ வண்டியை லாரியின் பின்னே ஒடுக்கினார், பேருந்து சென்றது, பிழைத்தோம். தெருவில் ஓடிய எஞ்சின் சாலையில் விக்கியது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

முதலில் பிளக்கின் அமைப்பைக் காண்போம். பீங்கான் குழலொன்றின் நடுவே ஓர் உலோகத் தண்டு செல்கிறது, இது நடுமுனை. பீங்கானைச் சூழ்ந்த, மரையிட்ட இரும்புக் கூட்டிலிருந்து கொக்கிபோல் வளைந்து நிற்பது பக்கமுனை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியே நாம் கருதும் இடைவெளி. காயில் என்னும் மின்சுருளிலிருந்து பல்லாயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் நடுமுனைக்கு வர, மின்சாரம் அவ்வெளியைத் தாண்டுகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றிக்கொள்கிறது. பாரிஸ் நகரில் 1860ஆம் ஆண்டில் லெனுவார் என்பார் அமைத்த வாயு எஞ்சினிலேயே மின்பொறி பயன்பட்டது. எனினும், 1902ஆம் ஆண்டில் ராபர்ட் பாஷ் என்பாரின் தொழிற்சாலையில் கோட்லோப் ஹோனால்டு என்னும் பொறியாளர் உயரழுத்த மேக்னெட்டோவையும் அதற்குரிய பிளக்கையும் அமைத்த பின்னரே, விரைந்து சுழலும் எஞ்சின்களுக்கு நம்பத்தக்க பொறி கிட்டிற்று.

இனி எடுத்துக்காட்டிற்கு வருவோம். ஜப்பானிய நிறுவனமாகிய ஹோண்டா 1999ஆம் ஆண்டில் எஸ்2000 என்னும் காரை வெளியிட்டது. அதன் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 1,997 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. காற்றை வலிந்து திணிக்கும் டர்போ முதலிய கருவி எதுவும் அதற்கில்லை. வளிமண்டல அழுத்தத்தால் தானே புகுங் காற்றையே அது உட்கொள்ளும். ஒரு மூச்சிற் கொள்ளும் காற்று வரையறைப்பட்டதாதலின், மிகுதியான ஆற்றல் பெறவேண்டின் மூச்சின் எண்ணிக்கையையே பெருக்குதல் வேண்டும். ஆகவே ஜப்பானில் விற்கப்பட்ட அவ்வெஞ்சின் நிமிடத்திற்கு 8,300 சுற்றில் 250 குதிரைத்திறன் தருமாறு அமைக்கப்பட்டது. அதற்குரிய பிளக்கின் இடைவெளி 1.1 மில்லிமீட்டர்.

நிமிடத்திற்கு 8,300 சுற்றெனின் விநாடிக்கு 138 சுற்றாகும். நான்கு வீச்சு எஞ்சினாதலால், ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. எனவே விநாடிக்கு 69 பொறி. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஏறக்குறைய 277. மாத்திரையின் அளவாக இலக்கண நூலார் கொண்ட கண்ணிமைப் பொழுதை, விநாடியில் ஐந்திலொரு பங்கெனக் கொண்டால், ஒருமுறை இமைப்பதற்குள் அவ்வெஞ்சினில் ஐம்பத்தைந்து பொறிகள் தோன்றி மறையும். அவற்றுள் ஒன்று தவறினும் எஞ்சின் விக்கும்.

இத்தகைய எஞ்சினில் பொறிக்கு நேரும் தடை யாது? காற்றின் செறிவே. வாயுவினூடே மின்பொறி தாவுவதற்கு வேண்டும் அழுத்தம், அவ்வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கி வருந் தொகையைச் சார்ந்தது என ஜெர்மானிய அறிஞர் பாஷென் 1889ஆம் ஆண்டில் விளக்கினார். வாயு சூடேறியிருப்பின் அதன் செறிவையே கணக்கிற் கொள்ளல் வேண்டும். சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட்டு தேவை. எஸ்2000 எஞ்சினின் அமுக்க விகிதம் 11.7. பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 30 பாகை முன்னே பொறி தோன்றுவதாகக் கொண்டால், அப்பொழுது கலவை ஏறக்குறைய ஆறு மடங்கு செறிந்திருக்கும். ஆகவே 1.1 மில்லிமீட்டரைத் தாண்ட உத்தேசமாக 20,000 வோல்ட்டு வேண்டும். முனைகள் தேய்ந்து இடைவெளி 1.5 மில்லிமீட்டராயின் 27,000 வோல்ட்டு வேண்டும். டர்போவினால் காற்று இரு மடங்காகத் திணிக்கப்படின் 1.1 மில்லிமீட்டருக்கே 40,000 வோல்ட்டு வேண்டியதாகும். டர்போ எஞ்சின்களில் இடைவெளியைக் குறுக்குவதும், இயல்பாகக் காற்றுண்ணும் எஞ்சின்களில் அதனைச் சற்று அகலமாக வைக்க இயல்வதும் இதனாலேயே என்க.

என் வினாவிற்கும் இங்கே விடை கிடைக்கின்றது. தெருவில் மெல்ல ஓடுங்கால் காற்றுவழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும், சிலிண்டரில் புகுங் காற்று குறைவு, செறிவும் குறைவு, அகன்ற இடைவெளியையும் பொறி எளிதில் தாண்டும். முழு விசை கொடுக்குங்கால் சிலிண்டர் நிரம்பக் காற்றுப் புகும், செறிவு மிகும், காயிலின் வலிமை போதாதாகும். உதவி மிக வேண்டிய அந்நேரத்திலேயே பொறி கைவிடுகின்றது!

காலக் குறைவும் இதனோடு சேரும். காயில் ஒவ்வொரு பொறிக்கும் முன் மின்னாற்றலைச் சேமித்துக்கொள்ளல் வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் ஒரே காயிலாயின், 8,300 சுற்றில் ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையே விநாடியில் ஆயிரத்தில் 3.6 பங்கே எஞ்சும். அதற்குள் காயில் நிறைவது அரிது. எஸ்2000இல் ஒவ்வொரு பிளக்கிற்கும் தனித்தனிக் காயில் உண்டாதலால், ஒவ்வொன்றிற்கும் ஆயிரத்தில் 14.5 பங்கு கிடைக்கின்றது. 1.1 மில்லிமீட்டர் இடைவெளியை அவ்வெஞ்சின் தாங்குவதற்கு இதுவுமோர் காரணம்.

அங்ஙனமாயின் இடைவெளியை மிகக் குறுக்கிவிடலாமே எனின், அதுவும் தீதாம். பொறி குறுகினால் அதனாற் பிறக்கும் சுடர்க்கருவும் சிறிதாகும். அருகிலுள்ள உலோக முனைகள் அதன் வெப்பத்தை உறிஞ்சி அணைத்துவிடும். நின்ற நிலையில் எஞ்சின் மெல்லச் சுழலுங்கால் இக்குறை நடுக்கமாக வெளிப்படும். ஆகவே, எஞ்சின் நின்று நடுங்கின் இடைவெளி குறுகியிருக்கலாம். முழு விசையில் விக்கின் அகன்றிருக்கலாம். பிற காரணங்களும் உளவேனும், முதற்கண் ஆராயத்தக்கது இதுவே. இடைவெளியைப் பெருக்கினால் ஆற்றல் பெருகும் என்னுங் கொள்கையும் இதனால் தெளிவுபெறும். ஒவ்வொரு முறையும் தவறாது பற்றுங் கலவைக்கு நீண்ட பொறியால் மேலும் ஆற்றல் வந்துவிடாது. விளக்கேற்றிய தீக்குச்சி பெரிதாயின் விளக்கின் ஒளி பெரிதாகுமோ? மாறாக, எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கிக் கலத்திற் சென்று எரிந்து அதனைக் கெடுக்கும். தாண்டவியலாத மின்சாரம் வேறு வழி தேடிப் பீங்கானின் புறத்தே ஓடும், அல்லது காயிலின் காப்பைத் துளைக்கும்.

இனி இடைவெளியை அமைக்கும் முறையைக் கூறுவாம். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்றல் வேண்டும்; சூட்டில் கழற்றின் அலுமினியத்திலுள்ள மரை சிதையும். கழற்றுமுன் குழியிலுள்ள தூசியை ஊதி அகற்றாவிடின் அது சிலிண்டருள் விழும். அளப்பதற்கு உருண்டையான கம்பி அளவியே தக்கது. பழைய பிளக்கின் முனை தேய்ந்து குழிந்திருக்குமாதலின், தட்டைத் தகடு அக்குழியைக் காணாது குறைவாகக் காட்டும். கம்பி மெல்ல உராய்ந்து செல்லுதல் வேண்டும். தாராளமாகவும் செல்லலாகாது, திணித்தாலும் ஆகாது. திருத்த வேண்டின் பக்கமுனையை மட்டுமே வளைத்தல் வேண்டும். நடுமுனையை ஊன்றி நெம்புதல் கூடவே கூடாது, பீங்கான் வெடிக்கும். பிளாட்டினம், இரிடியம் முதலிய மெல்லிய முனையுடைய பிளக்குகள் தொழிற்சாலையிலேயே அளவிடப்பட்டு வருவன. அவற்றை அளந்து பார்ப்பதோடு நின்று, தேய்ந்தவிடத்துப் புதிது மாற்றுதலே முறை. நான்கு பிளக்குகளும் ஒரே அளவினவாதல் வேண்டும். பின்னர்க் கையாலேயே மரையில் ஏற்றி, குறித்த முறுக்களவிற்கு இறுக்குதல் வேண்டும்.

அமைப்பு மாறாத எஞ்சினுக்குக் கையேடு கூறும் அளவே அளவு. அமுக்க விகிதத்தை உயர்த்திப் பந்தயத்திற்கு ஆயத்தஞ் செய்வோர் மட்டும், செறிவு மிகுவதற்கேற்ப 0.1 மில்லிமீட்டர் அளவாகக் குறைத்துக் குறைத்துச் சோதித்தல் தகும்.

எங்கள் வண்டியின் பிளக்கைப் பின்னர்ப் பட்டறையில் அளந்தபோது, 0.8 இருக்கவேண்டிய இடத்தில் 1.2 மில்லிமீட்டர் இருந்தது. வேறுபாடு 0.4 மில்லிமீட்டர். பட்டறைக்காரர் புதிய பிளக்கொன்றை அளந்து பொருத்தித் தந்தார். அண்ணன் விலை கேட்டு ஒரு கம்பி அளவியும் வாங்கினார். வீடு திரும்பும் வழியில் வேறொரு லாரி எதிர்ப்பட்டது. எஞ்சின் விக்கவில்லை, ஆயினும் சாலை முற்றும் வெறுமையாகும்வரை அண்ணன் அதனைக் கடக்கவில்லை.