வாடகைச் சுவருக்கும் ஒரு வண்ணம்

டெல்லி மாநகரில் சாணக்யபுரியை அறியாத தமிழர் சிலரே. நம் தமிழ்நாடு இல்லம் அமைந்திருப்பது இங்கேதான். சாந்தி பத் சாலையின் இருமருங்கிலும் பல தேசங்களின் தூதரகங்கள் கம்பீரமாய் நிற்கின்றன. அண்மை ஆண்டுகளாக பிப்ரவரி மாதத்தில் அச்சாலையோரம் துலிப் மலர்களும் பூத்துக் குலுங்குகின்றன. ஆனால் அந்த உயர்ந்த மதில்களுக்குப் பின்னால், பங்களாக்களின் பின்கட்டுகளில், ஓட்டுநராகவும் சமையற்காரராகவும் தோட்டக்காரராகவும் உழைக்கும் குடும்பங்கள் வசிக்கும் சின்னஞ்சிறு அறைகளும் உண்டு. அவற்றைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாலையில் அத்தகைய ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். சகோதரர் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து டெல்லிக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓர் அறையும் ஒரு சிறு சமையலறையுமே வீடு. முன்பு குடியிருந்தவர் பூசிவிட்டுப்போன கரும்பச்சை வண்ணமே சுவரில் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டப்பட்டிருந்தது. கட்டிலின் கீழே பிரிக்கப்படாத அட்டைப்பெட்டிகள். மாலை நான்கு மணிக்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சகோதரர் மிகுந்த மகிழ்ச்சியோடு ஓர் ஆல்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். ஊரில் அவர் கட்டிய வீட்டின் படங்கள். பளிங்குத் தரை, தேக்குக் கதவு, இளமஞ்சள் வண்ணச் சுவர்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. மே மாதம் இருபது நாட்கள் மாத்திரம் திறக்கப்படுகிறது. அருகில் அமர்ந்திருந்த மகள் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளியில் "என் வீடு" என்று படம் வரையச் சொன்னார்களாம். அவள் வரைந்ததும் அந்த ஊர் வீட்டைத்தான். "ஏன் அம்மா, இந்த வீட்டை வரையவில்லை?" என்று கேட்டேன். அவள் சற்றும் யோசியாமல், "இது ரூம்தானே, பாஸ்டர் அங்கிள்? வீடு ஊர்லதானே இருக்கு" என்றாள்.

அந்தப் பதில் பல நாட்கள் என்னை விட்டு அகலவில்லை. அந்தப் பிள்ளை பிறந்ததுமுதல் அவ்வறையில்தான் உறங்கி எழுகிறாள். ஆனாலும் ஒருநாளும் வீட்டில் வாழ்ந்ததில்லை!

நாம் செய்யும் தவறு

ஊரைவிட்டு வந்த நம்மில் அநேகர் இவ்வாறே காத்திருக்கும் அறையில் வாழ்கிறோம். "நம் வீடா இது? நாளைக்கே காலி செய்யச் சொல்லுவார்கள்" என்று சொல்லியே இருபது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. நாம் காத்திருக்கலாம், பிள்ளைகளின் பிள்ளைப்பருவம் காத்திருப்பதில்லை.

வீட்டை அலங்கரிப்பது ஆடம்பரம் என்று எண்ணுவோரும் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படியே எண்ணினேன். பிறகு ஒருநாள் மனம் மாறி, கடையில் தொங்கிய வண்ண அட்டையைப் பார்த்து மயங்கி, எங்கள் வாடகை வீட்டின் ஒரே அறைக்குக் கருஞ்சிவப்பு வண்ணம் பூசிவிட்டேன். அவ்வாண்டு அதுவே நாகரிகம் என்று கடைக்காரர் சொன்னார். காய்ந்தபின் பார்த்தால் அறை பாதியாய்ச் சுருங்கினதுபோல் இருந்தது. என் மனைவி இரண்டு விளக்குகளை அதிகமாய்ப் போட்டு அரிசியில் கல் பொறுக்கினாள். இரண்டு தவறுகளையும் செய்தவன் என்ற முறையிலேயே எழுதுகிறேன்: சுவரைக் கவனியாமல் விடுவதும் தவறு, நாகரிகத்தின் பின்னே கண்மூடி ஓடுவதும் தவறு.

மதில்களுக்கு அப்பால் ஒரு பாடம்

சாந்தி பத்தில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தைச் சாலையிலிருந்து பார்த்திருப்பீர்கள். எட்வர்ட் டுரெல் ஸ்டோன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அக்கட்டடம் 1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கண்ணாடிச் சுவர்களுக்கு முன்னே, துளைகள் நிறைந்த ஜாலித் திரை ஒன்றை அவர் எழுப்பினார். வெயில் நேரே உள்ளே பாயாது. வெளிச்சமோ உடைந்து மென்மையாய் உள்ளே வரும். நடுவில் ஒரு நீர்த்தோட்டமும் அமைத்தார். ஜாலியும் முற்றத்து நீரும் அவர் கண்டுபிடித்தவை அல்ல. இந்த நாட்டின் பழைய கட்டடங்களில் எல்லாம் உள்ளவையே. தூரதேசத்திலிருந்து வந்தவர், தம் ஊரின் வழக்கத்தை இங்கே திணியாமல், இந்த ஊரின் வெயிலைக் கேட்டுக் கட்டினார்.

நாமும் அதையே செய்யவேண்டும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் வெயிலைத் தடுக்கவே பழகினோம். டெல்லியிலோ மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகையைத் தொடும். ஜனவரி இரவுகளில் 5 பாகைக்கும் கீழே இறங்கும். ஆகவே இங்கே ஒரே திரையும் ஒரே விரிப்பும் ஆண்டு முழுவதும் உதவாது. பருவந்தோறும் வீட்டின் உடையை மாற்றவேண்டும். அதுவே இந்நகரத்தில் மெய்யான அலங்காரம்.

முதலாவது, வெளிச்சம்

வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கும். கரும்பச்சையும் கருஞ்சிவப்பும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே ஒரே ஜன்னல் உள்ள அறைக்கு உட்கூரை தூய வெள்ளையாகவும், சுவர்கள் வெள்ளை, தந்தம், இளமஞ்சள் போன்ற வெளிர்நிறமாகவும் இருப்பது நலம். வடக்கு நோக்கிய ஜன்னலில் வரும் வெளிச்சம் சற்றுக் குளிர்ந்தது. அங்கே இளமஞ்சளும் இளம் காவியும் அறைக்கு வெதுவெதுப்பைத் தரும். மேற்கு வெயில் சுட்டெரிக்கும் அறைக்கு இளநீலமும் இளம்பச்சையும் கண்ணுக்கு இதமாயிருக்கும்.

நம் பெரியோர் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து பூசியதன் இரகசியமும் இதுவே. அந்நீலம் சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை மறைத்து வெண்மையைக் கூட்டிக் காட்டும். சுண்ணாம்பு இன்றும் மலிவானதே. ஆனால் எண்ணெய் வண்ணம் பூசிய சுவரில் அது பிடிக்காது, உதிர்ந்துவிடும். மேலும் அது கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, எச்சரிக்கையாய் இருங்கள்.

மேல்தளத்தில் குடியிருப்போர் கூரையையும் மறவாதீர்கள். அகமதாபாத் நகரம் 2013-இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் 2017-இல் அங்கே எளிய மக்களின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியும் தொடங்கியது. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்புவதால் கீழே உள்ள அறையின் சூடு தணிகிறது.

பருவத்திற்கு ஏற்ற உடை

கோடை: ஏப்ரல் பிறந்ததும் கனத்த விரிப்புகளைச் சுருட்டி வைத்துவிடுங்கள். தரை வெறுமையாய் இருக்கட்டும். மெல்லிய பருத்தித் திரை, வெள்ளை அல்லது வெளிர்நிறப் படுக்கைவிரிப்பு போதும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே கட்டும் தட்டி அதிகப் பலன் தரும். கண்ணாடிக்குள் நுழைந்துவிட்ட சூட்டைத் திரை தடுக்க இயலாதல்லவா? வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் 'லூ' என்னும் அனற்காற்றும் குளிர்ந்து மணத்தோடு உள்ளே வரும். காற்று உலர்ந்திருப்பதால் நீர் விரைவாய் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொள்கிறது.

மழைக்காலம்: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காற்றே ஈரமாயிருப்பதால் வெட்டிவேர்த் தட்டியும் கூலரும் அவ்வளவாய்ப் பயன்படா. பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், பூஞ்சை பிடிக்காது. இம்மாதங்களில் வண்ணம் பூசவேண்டாம். ஈரச்சுவரில் பூசியது கொப்பளித்து உரிந்துவிடும். முதலில் ஒழுக்கை அடைத்து, சுவரை உலரவிட்டு, அக்டோபரில் பூசுங்கள். பிப்ரவரி இறுதியும் மார்ச்சும்கூட ஏற்ற காலமே.

குளிர்காலம்: ஜூன் மாத நண்பகலில் டெல்லியில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கும். டிசம்பரிலோ தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 38 பாகை உயரமே எழும்பும். எனவே தெற்கு ஜன்னல் இருந்தால் வெயில் அறையின் உட்புறம் வரை வந்து விழும். பகலில் அந்தத் திரையை முழுவதும் விலக்குங்கள், செய்தித்தாளை உரித்துவிடுங்கள். மாலையில் கனத்த திரையை இழுத்துவிடுங்கள். தரைக்கு ஒரு பவானி ஜமுக்காளம், ரஜாய்க்குச் சிவப்போ ஆரஞ்சோ ஓர் உறை, மஞ்சள் ஒளி தரும் ஒரு விளக்கு: அறை வேறாகிவிடும். பிள்ளைகள் வண்ணக் காகிதத்தால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்யட்டும். கடையில் வாங்குவதைவிட அதையே அவர்கள் நெடுநாள் நினைவில் வைப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கதவையும் ஜன்னலையும் முற்றிலும் அடைத்துவிட்டுக் கரியடுப்பை உள்ளே வைத்து உறங்காதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்காலந்தோறும் அதனால் உறக்கத்திலேயே மரித்தோரின் செய்திகளை வாசித்து வருகிறோம்.

நாகரிகத்தை எங்கே வைப்பது?

பான்டோன் என்ற அமெரிக்க நிறுவனம் 2000-ஆம் ஆண்டுக்கென வான்நீலம் ஒன்றைத் தெரிந்தெடுத்தது முதல், ஆண்டுதோறும் "இவ்வாண்டின் வண்ணம்" என ஒன்றை அறிவித்து வருகிறது. நம் நாட்டு வண்ண நிறுவனங்களும் அவ்வாறே செய்கின்றன. அவற்றைப் பார்த்து மகிழலாம், தவறில்லை. ஆனால் ஆண்டுதோறும் மாறுகிறதைச் சுவரில் வைக்காதீர்கள். சுவர் அமைதியாய் இருக்கட்டும். மாறுகிற வண்ணத்தைத் தலையணை உறையிலும் மேசைவிரிப்பிலும் திரையிலும் வையுங்கள். மனம் சலித்தால் மடித்து வைத்துவிடலாம்.

அதற்குப் பெரும் பணமும் தேவையில்லை. சாணக்யபுரிக்கு அருகிலுள்ள சரோஜினி நகர்ச் சந்தையில் ஏற்றுமதிக்கு நெய்து மிஞ்சிய துணிகள் மலிவாய்க் கிடைக்கும். ஊருக்குச் செல்லும்போது கரூரில் நெய்த திரைச்சீலையோ சென்னிமலைப் போர்வையோ வாங்கி வாருங்கள். கரூர்த் துணிகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகின்றன. அந்நிய தேசத்தார் இல்லங்களை அலங்கரிக்கும் நம் நெசவாளரின் கைவேலை, நம் ஜன்னலிலும் தொங்கலாமே! அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகூட அழகிய திரையாகும்.

சுரண்டுமுன் கவனியுங்கள்

பழைய வண்ணத்தில், விசேஷமாய்க் கதவு ஜன்னல்களில் பூசிய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமலில், ஈயம் மிகுதியாய் இருந்திருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என்று மத்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவை இன்னும் அநேக வீடுகளில் உள்ளன. அதை உலரச் சுரண்டினால் தூசியாய்ப் பறந்து பிள்ளைகளின் வாய்க்குள் செல்லும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே அப்பகுதியை நீரால் நனைத்தே தேயுங்கள். முகத்தை நன்றாய் மூடிக்கொள்ளுங்கள். உதிர்ந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடியுமட்டும் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் வேறிடத்தில் இருக்கட்டும். புதிய டப்பாவில் ஈயம் சேர்க்கப்படவில்லை என்ற குறிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டு உரிமையாளரிடமோ குடியிருப்பு அதிகாரியிடமோ அனுமதி கேட்டபின்னரே வண்ணம் பூசுங்கள். வெள்ளையடிக்கிறேன் என்பவரைத் தடுக்கும் உரிமையாளர் அரிது. அனுமதி கிடையாவிட்டால் திரையும் விரிப்பும் விளக்கும் போதும். அவை நம்மோடு அடுத்த வீட்டுக்கும் வரும்.

அந்த அறை இன்று

அந்தச் சகோதரரிடம் அன்று நான் ஒன்றுமாத்திரம் சொன்னேன்: "ஊர் வீட்டுக்குச் செலவிட்டதில் நூறில் ஒரு பங்கை இந்த அறைக்குக் கொடுங்கள்." பிப்ரவரியில் அனுமதி பெற்று, இரண்டு விடுமுறை நாட்களில் குடும்பமாய் அவர்களே வெள்ளை பூசினார்கள். அட்டைப்பெட்டிகள் பிரிக்கப்பட்டன. ஜன்னலில் செய்தித்தாள் போய், இளமஞ்சள் திரை வந்தது. அதன் கீழே மகளுக்கு ஒரு சிறு மேசை போடப்பட்டது.

கோடையின் தொடக்கத்தில் மீண்டும் சென்றேன். மகள் வாசலில் நின்று யாருக்கோ கையசைத்து வழியனுப்பிக்கொண்டிருந்தாள். "என் கூடப் படிக்கிறவள்" என்றாள். தாயார் என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில், "ஐயா, இத்தனை வருஷத்தில் ஒரு சிநேகிதியையும் அவள் வீட்டுக்குக் கூட்டிவந்ததில்லை. இதுதான் முதல் தடவை" என்றார்.

பிரியமானவர்களே, உங்கள் அறை எத்தனை சிறியதாயினும், உங்கள் பிள்ளைகளுக்கு அதுவே வீடு. இந்த வாரம் ஒரு சுவரை மாத்திரம் துடைத்துத் தொடங்குங்கள். ஜன்னலில் ஒட்டியிருக்கும் பழைய செய்தித்தாளை உரித்துவிடுங்கள். வெளிச்சம் காசின்றி உள்ளே வரும்.