மாலை ஐந்தரைக்குப் பிறகு

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. பேரூராட்சிதான். ஆனாலும் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு அதுதான் கடைத்தெரு, அதுதான் பேருந்து நிறுத்தம், அதுதான் பள்ளிக்கூடம். இப்படிப்பட்ட ஊரில் பாடம் நடத்தும் ஆசிரியர் யாரைக் கேட்டாலும் ஒரு குறை சொல்வார்: “வகுப்பில் நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். வீட்டுக்குப் போனால் புத்தகத்தைத் தொடுவதில்லை.”

அதற்கு நாம் தரும் மருந்தும் எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். கால அட்டவணை போட்டுப் படி. விடியற்காலையில் எழுந்திரு. செல்பேசியைத் தள்ளி வை. எதுவும் தவறான அறிவுரை இல்லை. ஆனால் இந்த மூன்றுமே, மாணவரின் பொழுது மாணவரின் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்லப்படுபவை. உண்மையில் எவ்வளவு பொழுது அவர்கள் கையில் இருக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள சிற்றூரிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்குக் கிளம்பினால்தான் பேருந்தைப் பிடிக்க முடியும். மாலை வீடு சேர 5.30 ஆகிவிடும். ஒன்பதரை மணி நேரம் போயிற்று. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. நாம் எட்டரை மணி நேரம் என்றே வைப்போம். மீதி ஆறு மணி நேரம். குளிக்க, சாப்பிட, துணி துவைக்க, தலை பின்ன என்று இரண்டு மணி நேரம். தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, மாட்டுக்குப் புல் போடுவது ஆகியவற்றுக்கு ஒன்றரை மணி நேரம். இப்போது அவள் கையில் இருப்பது இரண்டரை மணி நேரம்.

ஐந்து பாட ஆசிரியர்கள் ஆளுக்கு அரைமணி நேர வேலை மட்டுமே கொடுத்தாலும் இரண்டரை மணி நேரம் ஆகிவிடுகிறது. தோழியோடு பேச, கோலம் போட, விளையாட, வெறுமனே உட்கார்ந்திருக்க ஒரு நிமிடம் மிச்சமில்லை. இதோடு நாம் மாலையில் ஒரு மணி நேரச் சிறப்பு வகுப்பு வைக்கிறோம். வழக்கமான பேருந்து போய்விடுகிறது, அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். இந்த நேரமெல்லாம் தூக்கத்திலிருந்துதான் போகும். மறுநாள் இரண்டாம் பாடவேளையில் அவள் கொட்டாவி விடும்போது, “ராத்திரி டிவி பார்த்தியா?” என்று கேட்கிறோம்.

இந்தக் கணக்கில் வில்லன் என்று யாரும் இல்லை. அரைமணி நேர வேலை கொடுத்த ஐந்து ஆசிரியர்களில் ஒருவர்கூடக் கடுமையானவர் இல்லை. ஐவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். படிப்பையும் இலட்சியத்தையும் சொந்த வாழ்க்கையையும் சமன் செய்வதை மாணவரின் திறமை என்றே நாம் பாடமாக நடத்துகிறோம். அதில் பெரும்பகுதி, அவரைச் சுற்றியுள்ள பெரியவர்கள் செய்து தர வேண்டிய ஏற்பாடு.

திருக்கோவிலூரில் ஒரு வேலை மறுப்பு

மங்கலம்பேட்டையும் திருக்கோவிலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த காலம். 1910இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசுவாமி ஐயர். மூன்றாண்டுகளுக்கு முன் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. அவரிடம் இளைஞர் ஒருவர் வந்து, தம் கணித நோட்டுப் புத்தகங்களைக் காட்டி, அலுவலகத்தில் ஒரு எழுத்தர் வேலை கேட்டார். அவர் சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜனை மேதை என்றே வகுப்பில் அறிமுகப்படுத்துகிறோம். ஒரு மாணவராக மட்டும் அவரைப் பார்த்தால் கதை வேறு. பள்ளியில் பரிசு வாங்கியவர். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணிதம் அவரை முழுவதுமாக இழுத்துக்கொண்டது, மற்ற பாடங்களைக் கவனிக்கவில்லை, உதவித்தொகை பறிபோனது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் திருமணமும் ஆயிற்று. குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது, கையில் பட்டம் இல்லை.

இராமசுவாமி ஐயர் கேட்ட வேலையைக் கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் இவரைப் புதைக்கக் கூடாது என்று கருதி, சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அதன் வழியே நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அவரிடம் இராமானுஜன் கேட்டது புகழோ பதவியோ அல்ல, சாப்பாட்டுக் கவலை இல்லாத ஓய்வு நேரம். ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு மேலிருந்த நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர், அவருடைய ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தவர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் மாத உதவித்தொகை வழங்கியது.

மேதை என்பதால் எப்படியோ பிழைத்துக்கொண்டார் என்று சிலர் சொல்லலாம். 1904 முதல் 1910 வரை ஆறு ஆண்டுகள் அவர் அலைந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அவருடைய உழைப்போ ஆர்வமோ அந்த ஆறு ஆண்டுகளில் குறைந்திருக்கவில்லை. 1910க்குப் பிறகு மாறியவர்கள் சுற்றி இருந்தவர்கள். ஒருவர் கடிதம் எழுதினார், ஒருவர் பணம் கொடுத்தார், ஒருவர் அலுவலகத்தில் இடம் கொடுத்தார்.

அப்துல் கலாமின் சிறுவயதையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படிக்கலாம். இராமேசுவரத்தில் செய்தித்தாள் போட்டுக்கொண்டே படித்தார் என்பதை உழைப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். அதிகாலை 4 மணிக்குக் கட்டணம் வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். மகனுக்கு முன்பே எழுந்து அவரைக் குளிப்பாட்டித் தயார்ப்படுத்திய தாயும் இருந்தார். அந்தப் பிள்ளையின் நாளில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் பாடத்தை வைத்தார்கள்.

எவ்வளவு வீட்டுப்பாடம்?

1989இல் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், தம் முதல் உரையைப் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமை பற்றியே பேசினார். விளையாடவும் கனவு காணவும் பிள்ளைகளுக்கு நேரமில்லை என்பது அவர் வருத்தம். அந்த விவாதத்தின் தொடர்ச்சியாக அமைக்கப்பட்ட பேராசிரியர் யஷ்பால் குழு 1993இல் ‘சுமையற்ற கற்றல்’ அறிக்கையைத் தந்தது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. 2020இல் ஒன்றிய அரசு வெளியிட்ட பள்ளிப் புத்தகப் பை கொள்கை வீட்டுப்பாடத்துக்கும் அளவு சொல்கிறது. இரண்டாம் வகுப்பு வரை வேண்டாம். 3 முதல் 5 வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம். 6 முதல் 8 வரை நாளுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் நாளுக்கு இரண்டு மணி நேரம், அதாவது வாரத்துக்கு 10 முதல் 12 மணி நேரம்.

கடைசி எண்ணை ஐந்து பாடங்களுக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் முழுவதற்கும் இரண்டு மணி நேரம், சற்றுக் கூடினால் ஏறத்தாழ இரண்டரை. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் ஒருவருக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் மேலே போட்ட நாள் கணக்கில் இதற்கு மேல் இடமே இல்லையே.

இதற்குச் செலவில்லாத ஏற்பாடு ஒன்று உண்டு. ஆசிரியர் அறையில் வகுப்புக்கு ஒரு தாள் ஒட்டி, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பாடங்கள் மட்டும் என்று எழுதிக்கொள்வது. திங்கள் தமிழும் கணக்கும், செவ்வாய் அறிவியலும் ஆங்கிலமும் என்பதுபோல. தம் முறை இல்லாத நாளில் வேலை கொடுக்க விரும்பும் ஆசிரியர், அன்றைக்கு முறை உள்ளவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் சின்னச் சின்ன உரசல் வரும். யார் பாடம் முக்கியம் என்ற பழைய வழக்கு மறுபடி எழும். வகுப்பாசிரியர் கொஞ்சம் பொறுமைசாலியாக இருந்தால் நல்லது. ‘பத்து தடவை எழுதி வா’ என்கிற தண்டனை எழுத்தும் இந்தத் தாளில் ஏற வேண்டும், அதுவும் பிள்ளையின் நேரம்தான். பன்னிரண்டாம் வகுப்புக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. செய்முறைப் பதிவேடும் நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் சேர்ந்துவிடுவதால் அங்கே தனியாகத்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

தாள் ஒட்டுவதற்கு முன், மாணவர்களையே ஒரு வாரத்துக்குத் தங்கள் நாளை எழுதச் சொல்லலாம். எழுந்த நேரம், வீட்டு வேலை, பயணம், படிப்பு, விளையாட்டு, செல்பேசி, தூக்கம். பெயர் போட வேண்டாம். பெயர் இருந்தால் நமக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள். ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் தாள்களைத் தனித்தனியாக அடுக்கினால் வீட்டு வேலை எந்தப் பக்கம் கனக்கிறது என்பது உடனே தெரியும். பெற்றோர் கூட்டத்தில் அறிவுரை சொல்வதைவிட இந்த இரண்டு அடுக்கையும் மேசைமேல் வைப்பது பலன் தரும்.

இலட்சியத்துக்கும் நேரம் வேண்டும்

இப்போது பிள்ளைகளுக்கு முன்னால் வாய்ப்புகள் குறைவில்லை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு இருக்கிறது. தேர்ச்சி பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பதினொன்றாம் வகுப்பில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, மாதம் 1,500 ரூபாய். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ இருக்கிறது. கலைத் திருவிழா இருக்கிறது, விளையாட்டுப் போட்டிகள் இருக்கின்றன. எல்லாம் நல்லவை, எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆகிறது என்பது நமக்குத் தெரியும். ஒரு வகுப்பில் நான்கு பேர் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்துவிட்டால், திறனறித் தேர்வுக்கும் அந்த நால்வர், பேச்சுப் போட்டிக்கும் அந்த நால்வர், வினாடி வினாவுக்கும் அவர்களே. அவர்கள் மூச்சு வாங்குகிறார்கள், மற்ற முப்பது பேர் கை தட்டுகிறார்கள். ஒரு பருவத்தில் ஒரு மாணவருக்கு ஒரு பெரிய முயற்சி போதும் என்று பள்ளியளவில் முடிவெடுத்தால் நால்வருக்கும் தூக்கம் கிடைக்கும். ஐந்தாவது ஆளுக்கு மேடை கிடைக்கும். பரிசுகள் ஒன்றிரண்டு குறையலாம்.

“என்னவாகப் போகிறாய்?” என்று கேட்டுப் பதிலை மட்டும் வாங்கிக்கொள்வதும் போதாது. “டாக்டர்” என்று சொல்லும் பெண்ணுக்கு உயிரியலில் அரைமணி நேரம் கூடுதலாக வேண்டும் என்றால், அந்த அரைமணி நேரம் எதிலிருந்து வரும் என்பதையும் அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். தூக்கத்திலிருந்து என்று அவள் சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

அறுவடையும் தேர்வும்

நம் வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மார்கழிப் பட்ட மல்லாட்டை பங்குனி, சித்திரையில் அறுவடைக்கு வருகிறது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் பங்குனி, சித்திரையில் கொட்டை விழுகிறது. பொதுத் தேர்வும் முழுஆண்டுத் தேர்வும் அதே மாதங்களில். “நேத்து கொல்லைக்குப் போயிட்டேன் சார், அம்மாகூட மல்லாட்டை ஆய” என்று ஒரு பையன் சொன்னால் அது சாக்கு அல்ல, அந்த வீட்டின் ஆண்டு வருமானம்.

பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவதைச் சட்டம் தடுக்கவில்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், படிப்புக்கு இடையூறு இல்லாமலும் ஆபத்தில்லாத வேலையாகவும் இருந்தால் 14 வயதுக்கு உட்பட்டவர்கள் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. கொல்லை வேலை தெரிந்த பிள்ளையை வகுப்பில் கூச வைக்க வேண்டியதில்லை. முந்திரிக் கொட்டை உடைப்பது வேறு. அதன் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கை விரல்களில் கருத்துத் தோல் உரிந்திருந்தால், தனியாக அழைத்து என்ன வேலை என்று கேளுங்கள். வீட்டாரிடம் பேசியும் தீராவிட்டால் 1098 இருக்கிறது.

அறுவடைக் காலத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் தை மாதமே பேசிவிடுவது நல்லது. எந்த ஊரில் எந்த வாரம் அறுவடை என்பது உறுப்பினர்களான பெற்றோருக்கே தெரியும். தேர்வெழுதும் பிள்ளையை எந்த நாள்களில் கொல்லைக்கு அழைப்பதில்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கலாம். பதிலுக்குப் பள்ளியும் ஒன்று தர வேண்டும்: அந்த வாரங்களில் மாலைச் சிறப்பு வகுப்பு வேண்டாம், பாடவேளைக்குள்ளேயே திருப்புதல். ரமலான் மாதம் வந்தால் நோன்பு திறக்கும் நேரத்தையும், மற்ற நாள்களில் சிற்றூர்களுக்கான மாலைப் பேருந்து நேரத்தையும் கேட்டு எழுதி, அந்தத் தாளையும் ஆசிரியர் அறைச் சுவரில் வீட்டுப்பாடத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம்.