தீவகத்துக் காரில் கியர் ஏன் இறுகுகிறது?

யாழ்ப்பாணம் நகரை விட்டுப் பண்ணைத் தாம்போதியில் ஏறும் கார், வேலணையைக் கடந்து, வாணர் தாம்போதி வழியே புங்குடுதீவுக்குள் புகுந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் போய் நிற்பதற்குள் முப்பது கிலோமீற்றர் அளவு ஓடிவிடுகிறது. வழியில் நெடுந்தூரம் இரு பக்கமும் கடல்தான். சோளகம் வீசும் மாதங்களில் அலை கல்லில் மோதித் தெறிக்கும் தூறல் தெருவைத் தாண்டி மறுபக்கம் விழும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவும் அந்தக் காற்றுக் காலத்தில்தான் வருகிறது. அடியார்களை ஏற்றி இறக்கி ஓடிய வாடகைக் கார் கராஜுக்கு வந்தால் சாரதி சொல்வது பெரும்பாலும் இதுதான்: "கியர் விழுகுதில்லை, இறுகுது."

இந்தக் குறையை ஒட்டி ஒரு பெரிய விஞ்ஞானமே இருக்கிறது. அதைச் சொல்ல யாழ்ப்பாணத்துப் பழைய வாடகைக் கார்களை விடப் பொருத்தமான வண்டி கிடையாது.

ஒஸ்டின் ஏ-40 சோமசெட், ஒஸ்டின் கேம்பிரிஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், மொரிஸ் மைனர் என்று 1950-களில் இங்கிலாந்தில் பிறந்த கார்கள் குடாநாட்டிலும் தீவகத்திலும் தலைமுறை தலைமுறையாக ஓடின. 1970-களின் இறக்குமதிக் கட்டுப்பாடு அவற்றுக்கு ஆயுளைக் கூட்டியது. பிறகு வந்த போர் இன்னும் கூட்டியது. 1990-க்குப் பின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு என்ஜினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிச் சமாளித்தார்கள். மண்ணெண்ணெயில் இழுவை குறைவு. பாரம் ஏற்றினால் என்ஜின் தட்டும். அதனால் அடிக்கடி கீழ்க் கியருக்கு இறங்கி ஏற வேண்டும். அந்த ஆண்டுகளில் அந்தக் கியர்பொக்ஸ்கள் பார்த்த வேலைக்கு அளவில்லை.

இவற்றைக் கிழட்டு வண்டிகள் என்று தள்ளிவிடுகிறவர்கள் ஒரு விஷயத்தை அறிய வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் வெளிவந்த மொரிஸ் மைனருக்கு 1956-ல் 948 சிசி என்ஜின் பொருத்தப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1958-ல், ஒஸ்டின்-ஹீலி ஸ்பிறைற் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வந்தபோது அதற்குள் இருந்ததும் அதே குடும்பத்து 948 சிசி என்ஜின், அதே குடும்பத்துக் கியர்பொக்ஸ். ஸ்டியரிங் பொறி மொரிஸ் மைனரிலிருந்து எடுத்தது. 1955-ல் வந்த எம்ஜி-ஏ ஸ்போர்ட்ஸ் காரின் 1489 சிசி என்ஜினுக்கும் ஒஸ்டின் கேம்பிரிஜின் என்ஜினுக்கும் தாய் ஒன்றுதான். ஆகவே ஊர்காவற்றுறையில் ஒரு மைனரின் கியர் இறுகும் காரணமும், இங்கிலாந்தில் ஒரு ஸ்பிறைற்றின் கியர் இறுகும் காரணமும் ஒரே இரும்புக்குள் இருப்பவை.

கியர் மாறும் அந்த அரை விநாடியில் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். இத்தகைய நாலு கியர் வண்டியில் மூன்றாம் கியரின் விகிதம் ஏறத்தாழ 1.4, நாலாம் கியரின் விகிதம் 1. மூன்றாம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றினால், பின் சக்கரத்தை நோக்கிப் போகும் தண்டு 2000 சுற்று சுற்றும். நாலாம் கியருக்கு மாற வேண்டுமானால் கியர்பொக்ஸின் உள்நுழை தண்டும் 2000-க்கு இறங்கியாக வேண்டும். அந்தத் தண்டோடு கிளச் தட்டும், கீழே எண்ணெயில் சுழலும் பல்சக்கரத் தொகுதியும் சேர்ந்தே சுற்றுகின்றன. அத்தனை இரும்பின் வேகத்தையும் 800 சுற்று குறைக்க வேண்டும். கையில் இருப்பதோ ஒரு தடி. நேரமோ கண் இமைக்கும் பொழுது.

இதைச் செய்து முடிப்பது ஒரு பித்தளை வளையம். உட்புறம் கூம்பாகக் கடைந்து, அந்தக் கூம்பில் மயிரிழை போன்ற வரிகள் வெட்டியிருப்பார்கள். கியர் தடியைத் தள்ளியதும் வளையம் போய்ப் பல்சக்கரத்தின் எஃகுக் கூம்பைக் கவ்வுகிறது. வரிகள் எண்ணெய்ப் படலத்தை அறுத்து ஒதுக்க, பித்தளை எஃகில் உராய்ந்து வேகத்தைச் சமன்படுத்துகிறது. ஓடும் பஸ்ஸில் தொற்றி ஏறுகிறவன் முதலில் பஸ்ஸின் வேகத்துக்குக் கூடவே ஓடுகிறானே, அந்த ஓட்டத்தைத்தான் வளையம் செய்து தருகிறது. இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. வளையத்தின் விளிம்பில் கூர்மையான சிறு பற்கள். வேகங்கள் சமப்படும்வரை அந்தப் பற்கள் குறுக்கே நின்று கியரை உள்ளே விடமாட்டா. சமப்பட்ட கணத்தில் தாமாகவே விலகி வழிவிடும். சாரதி உள்ளங்கையில் உணரும் அந்தச் சிறு தயக்கம் இதுதான். 1928-ல் காடிலாக் கார்களில் முதலில் வந்த இந்த ஏற்பாடு, நூறு ஆண்டை நெருங்கியும் அடிப்படை மாறாமல் இருக்கிறது. பொறியியலில் இவ்வளவு சின்ன உலோகத் துண்டு இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் இடம் வேறு அதிகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மொரிஸ் மைனரின் முதல் கியருக்கு இந்த வளையம் கிடையாது. எம்ஜி-பி ஸ்போர்ட்ஸ் காருக்குக்கூட 1967 வரை இருக்கவில்லை. ஓடும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால் வளையத்தின் வேலையைச் சாரதியே செய்ய வேண்டும்: கிளச்சை மிதித்து நியூற்றலுக்கு வந்து, கிளச்சை விட்டு, அக்சிலறேற்றரை ஒரு மிதி மிதித்து உள்ளே வேகத்தை ஏற்றி, மறுபடி கிளச் மிதித்துக் கியரைப் போடுவது. பழைய வாடகைக் கார்ச் சாரதிகளுக்கு இது காலில் ஊறிய பழக்கம். அவர்களுடைய கியர்பொக்ஸ்கள் நீடித்து உழைத்ததில் அந்தக் காலுக்குப் பெரும் பங்கு உண்டு.

சரி, கியர் இறுகினால் எங்கே தேடுவது? அனுபவமுள்ள மெக்கானிக் சாவியை வாங்கியதும் ஸ்பானரைத் தேடமாட்டார். "தம்பி, என்ஜினை நிப்பாட்டிப்போட்டு நாலு கியரையும் போட்டுப் பாரும்" என்பார். நின்ற வண்டியில் கியர் வெண்ணெயாய் விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் எல்லாக் கியரும் இறுகினால், பெரும்பாலும் கியர்பொக்ஸில் குற்றமில்லை. கிளச் முழுதாக விடவில்லை. நின்ற வண்டியிலும் இறுகினால் தடி, இணைப்பு ராட்டுகள், புஷ்கள். காலையில் இறுகிப் பத்துக் கிலோமீற்றர் ஓடியபின் இளகினால் ஒயில். ஒரே ஒரு கியர் மட்டும் முரண்டு பிடித்தால்தான் பித்தளை வளையத்தின் மேல் சந்தேகம். இன்னொரு சோதனையும் உண்டு: என்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் கிளச்சை மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்து, ரிவர்ஸ் போட வேண்டும். அப்போதும் கறகறவென்று அரைத்தால் கிளச் தட்டு இன்னும் என்ஜினோடு ஒட்டிச் சுற்றுகிறது என்று பொருள். எந்தக் கருவியும் தேவைப்படாத இந்தச் சோதனைகளை எல்லா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கிளச் ஏன் விடாமல் போகிறது? மிதிக்கும்போது தட்டுக்கும் பிளைவீலுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றரை ஒட்டியது. மொரிஸ் மைனரில் மிதியிலிருந்து கிளச் வரை ராட்டும் குறுக்குத் தண்டுமாகப் பல மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தேய்ந்தால்கூட அந்த இடைவெளி காணாமல் போய்விடும். ஸ்பிறைற் போன்ற வண்டிகளில் திரவம் இந்த வேலையைச் செய்கிறது. கிளச்சுக்கும் பிறேக்குக்கும் ஊற்றும் கிளைக்கோல் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கொதிநிலை 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டிய டொட்-4 திரவத்துக்கு, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் 155 பாகை இருந்தாலே போதும் என்பதுதான் தர அளவு. ஈரம் அதை அவ்வளவு கெடுக்கும். பிறேக்குக்கு அது ஆபத்து. கிளச்சில் தீமை வேறு வடிவில் வருகிறது: சேர்ந்த நீர் சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி தோண்டும், குழி ரப்பர் வாஷரைக் கீறும், கீறல் வழியே திரவம் ஒழுகிக் காற்றுப் புகும். மிதி தரைவரை போனாலும் தட்டு விலகாது. திரவத்தை மாற்றி, காற்றை வெளியேற்றி, ரப்பர்களைப் புதிதாகப் போட்டாலே பாதி வண்டிகளில் கியர் இளகிவிடும்.

அடுத்தது உப்பு. தீவகத்தில் ஓடும் வண்டிக்கு இதுதான் முதல் எதிரி. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கசிந்து கரையத் தொடங்கும். ஆனால் கடலிலிருந்து தெறிக்கும் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். யாழ்ப்பாணத்துக் காற்று அவ்வளவு தூரம் வறள்வதில்லை. ஆகவே காரின் அடிவயிற்றில் ஒட்டிய கடலுப்பு வெயிலடிக்கும் நடுப்பகலிலும் ஈரமாகவே இருக்கும். இரவும் பகலும் இரும்பைத் தின்னும். துருவாக மாறிய இரும்புக்கு முன்னைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடம் வேண்டும். காகிதம் நுழையும் இடைவெளியில் சுழலும் ஒரு பின்னும் புஷ்ஷும் அப்படி வீங்கினால் என்ன ஆகும்? இறுகும். ஏ-40 சோமசெட்டில் கியர் தடி ஸ்டியரிங்கோடு இருக்கிறது. அங்கிருந்து கியர்பொக்ஸ் வரை ராட்டுகள், மூட்டுகள், எல்லாமே காற்றுக்கும் தூறலுக்கும் திறந்தவை. மூட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, புஷ்ஷை மாற்றி, கிறீஸ் அப்பிப் பூட்டினால் தடி முன்பு போல் அசையும். வெறும் எண்ணெய் தெளித்துவிட்டுப் போவது சில நாளைக்குத்தான். எண்ணெய் புழுதியைப் பிடித்து அரைமாவாக்கித் தேய்மானத்தைக் கூட்டும். தாம்போதி ஓட்டத்துக்குப் பிறகு நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவுவதும் மருந்துதான். நன்னீர் அருமையான தீவுகளில் அதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதும் உண்மை.

ஒயில் விஷயத்தில் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுதான் அதிகம். மொரிஸ் மைனரின் கியர்பொக்ஸுக்கு என்ஜினுக்கு ஊற்றும் ஒயிலையே ஊற்றச் சொன்னார்கள் செய்தவர்கள். கியர்பொக்ஸ்தானே என்று தடித்த 90 கியர் ஒயிலை ஊற்றினால், வளையத்தின் வரிகளால் அந்தப் படலத்தை வேளைக்கு அறுக்க முடியாது. வேகம் சமப்படத் தாமதமாகும், தடி இறுகும். ஜீஎல்-5 என்று போட்ட ஒயில்களில் இன்னொரு சிக்கல். பின் அச்சின் கடும் அழுத்தத்துக்காகச் சேர்க்கப்படும் கந்தக, பொஸ்பரஸ் கூட்டுகள் சூட்டில் செம்பு கலந்த உலோகங்களை அரிக்கக் கூடியவை. வழுவழுப்பும் கூடுதல், உராய்ந்தால்தான் வேலை செய்யும் வளையம் அதில் வழுக்கும். கைநூல் சொன்ன ஒயிலைத் தவிர வேறெதையும் நம்பி ஊற்றக் கூடாது.

மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு வேறு நோய். உப்பு ஈரத்தில் கிளச் தட்டு பிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடினால் எந்தக் கியரும் விழாது. ஆளரவமற்ற நேரான தெருவில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு மேல் கியரைப் போட்டு, கிளச்சை முழுக்க மிதித்தபடி ஸ்ராட் பண்ணினால் வண்டி சில அடி துள்ளி ஓடும். அக்சிலறேற்றரை விட்டு விட்டு மிதித்தால் பல சமயம் தட்டு பிய்ந்து வந்துவிடும். முன்னால் ஆளோ மதிலோ இருக்கும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

இத்தனையும் பார்த்த பிறகுதான் கியர்பொக்ஸ். அதையும் திறக்குமுன் ஒயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். பொன் தூள் தூவியது போல் மினுங்கினால் அது பித்தளை. வளையம் தேய்ந்து ஒயிலில் கலந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் எஃகுத் துகள் என்றால் பற்களோ பெயரிங்கோ உதிர்கிறது. கியர்பொக்ஸைத் திறந்தபின், வளையத்தைக் கையிலெடுத்துப் பல்சக்கரத்தின் கூம்பில் வைத்து அழுத்தும்போது வளையத்தின் பற்களுக்கும் பல்சக்கரத்தின் பற்களுக்கும் நடுவே தெளிவான இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றால் கூம்பு தேய்ந்து அடிவரை போய்விட்டது. புது வளையம் போடுவதைத் தவிர வழியில்லை. மொரிஸ் மைனருக்கு இன்றும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ல்ஸ் வேயர், அந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே செய்வித்துக் கப்பலேற்றினார். அந்தக் காரைக் கைவிடாமல் பழுது பார்த்து வந்த நாடு என்பதால் அந்தக் கைகளை நம்பி வந்த வேலை அது.