ரஹீம் சாஹிப் கேட்ட பரிசு

இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டுப் போட்டியில் கடைசியாகத் தங்கம் வென்றது 1962-ல். அந்த அணியை உருவாக்கியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்றால் நம்புவீர்களா?

அவர்தான் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். 1909-ல் பிறந்தவர். ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே உடற்கல்வி படித்தார். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளரானார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951 டெல்லி ஆசியப் போட்டியில் ஈரானை 1-0 என வீழ்த்தித் தங்கம்!

அடுத்த ஆண்டே பலத்த அடி. ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோல்வி. நம் வீரர்களில் பலர் பூட்ஸ் போடாமல் வெறுங்காலோடு ஆடிய காலம் அது. ரஹீம் துவண்டுவிடவில்லை. அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார். வலுவில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி. பந்தைத் தானே கடத்திக்கொண்டு ஓடக் கூடாது, உடனே சக வீரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி. பலன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குப் போன இந்தியா, நான்காம் இடம் பிடித்தது.

1962 ஜகார்த்தா போட்டியின்போது ரஹீமைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல். ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை. முன்கள வீரராக மாற்றினார். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு வீரர்களிடம், ‘நாளை எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கம்’ என்று கேட்டாராம்.

செப்டம்பர் 4. எதிரில் மறுபடியும் தென்கொரியா. அரசியல் மனக்கசப்பால் அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். பி.கே.பானர்ஜி ஒரு கோல், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் ஒரு கோல். 2-1! அந்த அணியில் பீட்டர் தங்கராஜ், துளசிதாஸ் பலராம், அருமைநாயகம் என்று நமக்குப் பழகிய பெயர்களும் உண்டு.

1963 ஜூன் 11-ல் ரஹீம் மறைந்தார். கேட்ட பரிசு கிடைத்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

மத்தூரோ ஓசூரோ, மாலை நேரத்தில் பள்ளி மைதானத்தில் விசிலோடு நிற்கும் பி.டி. வாத்தியாரைப் பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். ரஹீம் சாஹிப்பும் அப்படித்தான் தொடங்கினார்.