ஓலையும் பத்திரமும்

வரலாறு அரசர்க்கு மட்டுமே உரியதன்று. நம் வீட்டுப் பெட்டியிலும் அது உறங்கிக் கிடக்கிறது. மந்தாரக்குப்பத்தில் வாழ்ந்த என் முன்னோர் ஒருவரின் வாழ்நாளை மூன்று சான்றுகளால் கணித்தேன்.

அவருடைய ஜாதக ஓலை ‘சுபானு வருடம், ஆவணி மாதம்’ என்கிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. ஆதலின் அவர் பிறந்தது 1823ஆ, 1883ஆ, 1943ஆ என்னும் ஐயம் எழும். 1910 மார்ச்சில் பதிவான கிரயப் பத்திரம் அவர் வயதை 26 எனக் குறிக்கிறது. எனவே பிறந்த ஆண்டு 1883.

1911 ஜூனில் பதிவான மற்றொரு பத்திரத்தில் அவர் ‘காலஞ்சென்றவர்’. மைனர் மகனுக்குக் கார்டியனாக அவர் மனைவி கைநாட்டு வைத்து அந்நிலத்தை விற்றிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் அவருக்குத் திதி கொடுப்பது மார்கழியில். இரு பத்திரங்களுக்கும் இடையே வந்த மார்கழி ஒன்றே. ஆகவே 1910 டிசம்பருக்கும் 1911 ஜனவரி நடுவுக்கும் இடையே, 27 வயதில், அவர் மறைந்தார்.

1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியபின், சுரங்கத்திற்காக இவ்வட்டாரத்துச் சிற்றூர்கள் பல இடம்பெயர்ந்தன. அவர் உழுத வயலை இன்று எவராலும் காட்ட இயலாது; அவர் வாழ்ந்ததற்கு இவ்வேடுகளே சாட்சி. மாணவர்களே, பழைய தாள்களை எறியுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.