எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதுமா?

"பெடல் கீழே போகுது, கியர் விழ மாட்டேங்குதுண்ணே!" குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பழைய குலை லோரி ஓட்டும் தம்பி ஒருவர் நம்மிடம் சொன்ன குறை இது. தினமும் காலையில் கிளட்ச் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறாராம். மூன்று வாரமாக இதே பாடு.

அன்பர்களே, இது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். கிளட்ச் எண்ணெய் எரிந்து தீர்கிற பொருளல்ல. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைக் குழாய் வழியே தள்ளும். கியர்பெட்டியோரம் இருக்கும் கீழ்ச் சிலிண்டர் அந்த வேகத்தில் நெம்பி கிளட்சை விடுவிக்கும். உள்ளேயுள்ள ரப்பர் தேய்ந்தால் எண்ணெய் ஒழுகும், காற்று புகும். எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது.

மேட்டுக் காட்டிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது கியரைக் குறைக்கப் போய், கியர் விழாவிட்டால் என்ன ஆகும்? வண்டி நியூட்ரலில் உருளும். பிரேக் ஒன்றுதான் துணை!

கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். பெடலுக்குப் பின்னாலும் பாருங்கள். எண்ணெய்க் கசிவு இருந்தால் அந்தச் சிலிண்டர் போய்விட்டது. வயதான வண்டியில் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

வேலைக்கு முன் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். சாவி கீழே படுப்பவர் பையில் இருக்கட்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது.

புதியதை மாட்டியபின் ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். நிப்பிளில் கண்ணாடி டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் எண்ணெய் உள்ள போத்தலில் முக்குங்கள். கீழே இருப்பவர் "அமுக்கு" என்றதும் மேலே உள்ளவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். நிப்பிளைத் திறந்தால் குமிழியோடு எண்ணெய் வரும். மூடிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். முந்திக்கொண்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்! குமிழி நிற்கும்வரை இப்படியே செய்யுங்கள். மேலே டப்பா காலியாகாமல் ஊற்றி வாருங்கள்.

வண்டிக்குச் சொல்லப்பட்ட எண்ணெயையே ஊற்றுங்கள். பெரும்பாலும் டாட் 3. எஞ்சின் எண்ணெய் ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். திறந்து கிடந்த டின் ஈரத்தை இழுத்திருக்கும், அது வேண்டாம். வடித்ததையும் திரும்ப ஊற்றாதீர்கள்.

வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும் என்பது நமக்கும் தெரியும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். "இன்னிக்கு மட்டும் ஓட்டுப்பா" என்று மண்டோர் சொல்வதும் அதனால்தான். ஆனால் வண்டியைப் பாதுகாப்பாகப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. உடனடி ஆபத்து இருந்து, சொல்லியும் முதலாளி கவனிக்காவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமையை 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்த திருத்தம் தந்திருக்கிறது.

ஆகவே வாயால் சொல்வதோடு நிற்காதீர்கள். பழுதையும் தேதியையும் எழுதி ஆபீஸில் கொடுத்து, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொல்லிவிட்டு வந்தோம்.